காரின் முன் கண்ணாடி: கயிறா, பசையா?

கரும்பு வெட்டும் பருவத்தில் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நோக்கிச் செல்லும் சாலையில் காரோட்டியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். முன்னால் ஒரு லாரி. அதன் இரட்டைச் சக்கரங்களுக்கிடையே சிக்கிய ஜல்லி ஒன்று விடுபட்டுத் தெறிக்கிறது. 'டக்' என்று ஓர் ஒலி. முன் கண்ணாடியில் மிளகளவு வெண்புள்ளி.

என் மாமாவின் காருக்கும் இதுவே நேர்ந்தது. புள்ளிதானே என்று ஒரு வாரம் விட்டுவிட்டார். எட்டாம் நாள், வெயிலில் நின்றிருந்த காரில் ஏறிக் குளிர்சாதனத்தை முழு வேகத்தில் திருப்பினார். புள்ளியிலிருந்து ஒரு கோடு கிளம்பிக் கண்ணாடியின் ஓரம் வரை ஓடிவிட்டது.

"மாப்பிள்ளை, புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் போதும், நானே மாட்டிவிடுவேன். அம்பாசடருக்கு நான் மாட்டாத கண்ணாடியா?" என்றார். வீண்பெருமை அன்று. நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கைத்திறனில் அவரை மிஞ்ச நம் ஊர்ப் பட்டறைகளில் ஆள் குறைவு. ஆயினும் நான் வேண்டாம் என்றேன். ஏன் என்பதைப் பார்ப்போம்.

முதலில் அந்தக் கோடு எப்படி ஓடியது? ஐந்து கிராம் கல் ஒன்று காரை மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர் சார்பு வேகத்தில் தாக்குவதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் ½mv². கணக்கிட்டால் ஏறத்தாழ 1.6 ஜூல் வருகிறது. ஒரு கிலோ எடைக்கல்லை 16 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவதற்குச் சமம். பெரிய ஆற்றல் இல்லை. ஆனால் அது முழுவதும் கல்லின் கூர்முனையில், ஊசிமுனை போன்ற பரப்பில் இறங்குகிறது. கண்ணாடி அங்கே பிளக்கிறது.

அதன் பிறகு கல்லுக்கு வேலையில்லை. துணிக்கடையில் விற்பனையாளர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறிது வெட்டிவிட்டு, இரு கைகளாலும் பற்றி 'சர்'ரென்று கிழிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். வெட்டு இல்லாத இடத்தில் அதே துணி எளிதில் கிழியாது. இழுவிசை முழுவதும் வெட்டின் முனையில் வந்து குவிகிறது. கண்ணாடியிலும் விரிசலின் முனையில் இவ்வாறே விசை குவிகிறது என்பதை ஆங்கிலேயப் பொறியியலாளர் கிரிஃபித், 1921-இல் வெளியான தம் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார்.

மாமாவின் காரில் இழுத்த கை எது? வெப்பம்தான். கண்ணாடி ஒரு டிகிரி செல்சியசுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஒன்பது பங்கு விரிகிறது. 1.4 மீட்டர் அகலக் கண்ணாடியில் 30 டிகிரி வேறுபாடு ஏற்பட்டால் மாற்றம் 0.38 மில்லிமீட்டர். வெளிப்புறம் வெயிலில் விரிந்து நிற்க, உட்புறம் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. நல்ல கண்ணாடி இதைத் தாங்கிக்கொள்ளும். புள்ளி விழுந்த கண்ணாடி தாங்குவதில்லை.

விரிசல் ஓடியும் கண்ணாடி கொட்டவில்லையே, கவனித்தீர்களா? முன் கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடிகள். ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம், சுமார் 0.76 மில்லிமீட்டர். இவ்வகை அடுக்குக் கண்ணாடிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றவர் பெனடிக்டுஸ் என்ற பிரெஞ்சுக்காரர். நம் நாட்டில் முன் கண்ணாடி இவ்வகையாகவே இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வற்புறுத்துகின்றன.

இனி மாட்டும் முறைக்கு வருவோம். அம்பாசடரில் கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. அதன் வெளிப்புறப் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்பு நீர் தடவி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை மெல்ல இழுப்பார். ரப்பரின் உதடு தகட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்விக்கொள்ளும். அழகான வேலை! வீட்டு வாசலிலேயே செய்யலாம். தவறினால் மழையில் ஒழுகும், அவ்வளவே. அங்கே கண்ணாடி காற்றையும் மழையையும் தடுக்கும் ஒரு சன்னல் மட்டுமே.

இன்றைய கார்களில் கண்ணாடி உடற்கூட்டோடு பாலியூரித்தேன் பசையால் ஒட்டப்படுகிறது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்குண்டு. அதைவிட முக்கியமானது காற்றுப்பை. இந்தியாவில் 2019-இல் ஓட்டுநருக்கும், 2021-இல் அருகிலிருப்பவருக்கும் காற்றுப்பை கட்டாயமானது. பல கார்களில் அருகிலிருப்பவருக்கான பை மேல்நோக்கி வெடித்து விரிந்து, முன் கண்ணாடியில் மோதி, அதையே முதுகுச் சுவராகக் கொண்டு பயணியின் பக்கம் திரும்புகிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்போது பசை விட்டுக்கொடுத்தால்? கண்ணாடி வெளியே போகும், பையும் அதன் பின்னே போகும், பயணிக்கு முன்னால் ஒன்றும் இராது. மாமாவின் காரில் அந்த இருக்கை அத்தையுடையது.

பசை ஒட்டுவது அவ்வளவு கடினமா என்று கேட்கலாம். பழைய பசையைப் பியானோக் கம்பியால் அறுக்கும்போது தகட்டின் வண்ணப்பூச்சில் கீறல் விழுந்து, அதைக் கவனியாமல் விட்டால் உள்ளே துரு பிடிக்கும்; துருவின் மேல் எந்தப் பசையும் நில்லாது. கைவிரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்திலும் பிடிப்பு குறையும். இவற்றையெல்லாம் மாமா கவனமாகச் செய்துவிடுவார் என்றே வைத்துக்கொள்வோம். தவறு நேர்ந்தாலோ, அது வெளியே தெரியாது. அரைகுறையாக ஒட்டிய கண்ணாடியும் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும், மழையில் ஒழுகாமலும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க விபத்து ஒன்றுதான் வழி!

மற்றொன்று காலம். இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை. எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது பசையின் வகை, வெப்பம், ஈரப்பதம் இவற்றைப் பொறுத்தது. நம் கடலோர ஈரக்காற்று இதற்கு உதவியே.

இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பெல்ட்டு இணைப்பு மாதிரின்னு சொல்லு. வேகாத இணைப்புல பெல்ட்டை ஓடவிட்டா, சுமை ஏறினதும் பிச்சுக்கும்" என்றார். சுரங்கத்துப் பெல்ட்டின் முனைகளை ரப்பர் வைத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் குறித்த நேரம் வேகவைத்தே இணைப்பார்கள். நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதை அந்த முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம். புள்ளி விழுந்தவுடன் தூசியும் நீரும் புகாதபடி ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டவேண்டும். சிறிய புள்ளியாயின், அதனுள் பிசினைச் செலுத்தி வெயிலின் புறஊதாக் கதிரால் இறுகச் செய்யும் பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. பிசினின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதற்கு, அதாவது 1.5-க்கு, நெருக்கமாக இருப்பதால் புள்ளி பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்துவிடும். கிளிசரினில் அமிழ்த்திய கண்ணாடிக்கோல் மறைவதை உங்கள் ஆய்வகத்திலேயே பார்க்கலாம். பிசின் விரிசலின் முனையையும் நிரப்பி, விசை அங்கே குவிவதைக் குறைக்கிறது. ஆனால் ஓட்டுநரின் பார்வைக்கு நேரே விழுந்த புள்ளிக்கும், ஓரத்தை எட்டிய கோட்டுக்கும் இது ஆகாது.

கடைசியில் கடலூரில் ஒரு தொழில்முறைக் கடையில் கண்ணாடி மாற்றப்பட்டது. மாமா பக்கத்திலேயே நின்று, என்ன பசை, எத்தனை மணி நேரம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அவர்கள் குறித்த நேரத்திற்கு மேலும் இரண்டு மணி நேரம் காரைக் கடையிலேயே விட்டுவைத்தார். வீட்டுக்கு வந்தபின்னும் ஒரு நாள் முழுவதும் பக்கச் சன்னல்களைச் சிறிது இறக்கியே வைத்திருந்தார். எல்லாம் மூடிய காரில் கதவை அறைந்தால் உள்ளே காற்றழுத்தம் சட்டென உயர்ந்து, இறுகாத கண்ணாடியை வெளியே தள்ளும். பேரப்பிள்ளைகள் கதவருகே போனபோதெல்லாம் திண்ணையிலிருந்து அவர் குரல் கேட்டது: "மெதுவா, மெதுவா!"