ஹேண்டில் ஆடுகிறதா? பழி "கோன்" மீது... குற்றவாளி "புஷ்"!

விருதுநகர்,-

மோட்டார் சைக்கிள் ஹேண்டில் ஆடுகிறதா? "கோன் செட் போச்சு" என்று யாராவது சொன்னவுடன் பணத்தை எடுத்து நீட்டி விடாதீர்கள். நான் நீட்டினேன். ஏமாந்தேன்.

சில வாரங்களுக்கு முன் சிவகாசி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று தகவல் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஆமத்தூர் தாண்டியதும் ஒரு வேகத்தடை. கவனிக்கவில்லை. ஏறி இறங்கினால், எதிரே பஸ்!

இடது பக்கம் ஒடித்தேன். ஹேண்டில் உடனே வந்தது. சக்கரம் யோசித்து விட்டு வந்தது. அந்த அரை நொடியில் வியர்த்துக் கொட்டி விட்டது. பஸ் டிரைவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் ஒரு பட்டறையில் விட்டேன். கோன் செட் மாற்றினார்கள். பில்லைக் கட்டி வீட்டுக்கு வந்தால், அதே ஆட்டம்!

உதிரி பாகக் கடை அண்ணாச்சியிடம் போய் அழுதேன். அவர் கடையை விட்டு இறங்கி வந்து, ஹேண்டிலைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். சிரித்தார்.

"தம்பி, கோனை மாத்தினா கோன் தானேப்பா புதுசாகும்? போயிருக்கிறது புஷ்ஷு!"

3 பேர் மீது சந்தேகம்

கிரைம் நிருபருக்கே ஆள் மாறாட்டம்! அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த விசாரணை இது தான்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக் கொண்டு, ஹேண்டிலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு போர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் கனமான மேல் தட்டைப் பாருங்கள். தட்டு அசையாமல் ஹேண்டில் மட்டும் ஆடினால் கிளாம்பு போல்ட் இறுக்கமா என்று பாருங்கள். இறுக்கமாக இருந்தும் ஆடினால் புஷ் தான்.

அடுத்து, பின்னால் ஒருவரை உட்கார வைத்து முன் சக்கரத்தைத் தூக்குங்கள். போர்க்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். தட்டும் சேர்ந்து "டக்" என்று அடித்தால் கோன். தட்டு அசையாமல் குழாய் மட்டும் ஆடினால் போர்க்கின் உள்ளே தேய்மானம். அது வீட்டு வேலை அல்ல.

எல்லா வண்டியிலும் இந்தப் புஷ் இருக்காது. சிலவற்றில் ஹேண்டில் நேராகத் தட்டிலேயே உட்காரும். புஷ் உள்ள வண்டிகளில் ஹேண்டிலைத் தாங்கும் கிளாம்பின் கால் அந்த ரப்பர் வழியாகத் தட்டுக்குள் இறங்கி, அடியில் நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். என்ஜின் அதிர்ச்சி கைக்கு ஏறி விரல் மரத்துப் போகாமல் இருக்கத்தான் ரப்பர்.

வெயில் செய்யும் வேலை

மழை குறைந்த, காய்ந்த பூமி என்பதால் தான் 1920-களில் தீப்பெட்டியும் பிறகு பட்டாசும் சிவகாசியில் வேர் பிடித்தன. மருந்து காய அந்த வெயில் வேண்டும். ரப்பருக்கோ அதே வெயில் எமன்! காய்ந்து, கெட்டியாகி, வெடித்து விடும். போதாக்குறைக்கு பெட்ரோலும் ஆயிலும் பட்டால் ஊதிப் போகும்.

வீட்டிலேயே செய்யலாம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உட்கார்ந்தேன். ஸ்பேனர் செட், ஸ்குரூ டிரைவர், சோப்புத் தண்ணீர். அவ்வளவு தான் சாமான்.

டாங்கியைப் பழைய போர்வையால் மூடினேன். மேல் கிளாம்பு போல்ட்டுகளைக் கழற்றி, கேபிள்களை இழுக்காமல் ஹேண்டிலைப் போர்வை மேல் சாய்த்தேன். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஆயில் டப்பா கவிழக்கூடாது. கவிழ்ந்தால் காற்று புகுந்து பிரேக் பிடிக்காமல் போகலாம். பெயிண்டில் சிந்தினாலும் பெயிண்ட் உரியும்.

அடி நட்டைக் கழற்றி கிளாம்பை உருவியதும் பழைய ரப்பர் துண்டு துண்டாக வந்தது. வாஷர்களை வந்த வரிசையிலேயே தரையில் அடுக்கி வைத்தேன். (இல்லாவிட்டால் கடைசியில் ஒரு வாஷர் மிஞ்சி, தூக்கம் போய்விடும்.)

புது புஷ்ஷுக்கு கிரீஸ் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி உள்ளே போகும். பிறகு காய்ந்து விடும். அடி நட்டை முதலில் லேசாக மட்டும் முடுக்குங்கள். ஹேண்டிலை வைத்து, நேர் பார்த்து, மேல் கிளாம்பை இறுக்கிய பிறகே அடி நட்டை முழுசாக இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் கிளாம்புகள் கோணலாக நின்று விடும்.

கடைசியாக, என்ஜினை ஓட விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினேன். திருப்பும்போது என்ஜின் தானாக உறுமினால் ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே ரோட்டுக்குப் போகக் கூடாது.

இந்த ஊருக்கு மட்டும்!

துருப்பிடித்த நட் வரவில்லை என்று கிரைண்டர் வைத்து அறுக்கிறவர்கள் உண்டு. பட்டாசு ஆலைக்குள் இரும்புச் சாமானே ஆகாது. பித்தளையும் மரமும் தான். காரணம், ஒரு பொறி! 2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டி விபத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் பலியானதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பட்டாசோ, மருந்தோ இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பேனரை எடுக்கவே எடுக்காதீர்கள். மருந்து வேலைக்குப் போட்ட சட்டையோடும் வண்டி வேலைக்கு உட்காராதீர்கள்.

மறுநாள் அதே ஆமத்தூர் ரோடு. அதே வேகத்தடை. இந்த முறை மெதுவாகத்தான் ஏறினேன். ஹேண்டிலும் சக்கரமும் சேர்ந்தே திரும்பின. திருத்தங்கல்லில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் நட்டுகளை மறுபடி ஒரு முறை முடுக்கிப் பார்த்தேன். ஒன்று கால் சுற்று போனது.

திரும்பி வரும்போது அண்ணாச்சி கடையில் நிறுத்தினேன். "கோனுக்குக் கொடுத்த காசைக் கேட்டியாப்பா?" என்றார்.

இன்னும் கேட்கவில்லை.