கரப்பானும் கத்தரிக்காயும்

முழங்கை மடிப்பில் குழந்தை சொறிய ஆரம்பித்துவிட்டதா? உடனே வீட்டுப் பெரியவர்கள் சமையலறையில் தடை உத்தரவு போட்டுவிடுவார்கள். முதலில் கத்தரிக்காய், அப்புறம் கருவாடு, முட்டை, வேர்க்கடலை. கடைசியில் குழந்தையின் தட்டில் மிஞ்சுவது மோர்ச் சாதந்தான்!

பெரியவர்கள் சொல்வது முற்றும் தவறல்ல. சில குழந்தைகளுக்கு முட்டையோ பாலோ ஒத்துக்கொள்வதில்லை. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி என்று அது பெரும்பாலும் தெரிந்துவிடும், டாக்டரிடம் காட்டுங்கள். (மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கலாகாது.) அப்படி எதுவும் இல்லாதபோது மாதக் கணக்கில் பத்தியம் வைத்தால் வளரும் உடம்பு மெலியும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு: நெடுநாள் நிறுத்திய முட்டையை மறுபடி கொடுக்கும்போது, முன்பு சும்மா இருந்த உடம்பே சீறி எழக்கூடும்.

கரப்பானில் கோளாறு பெரும்பாலும் தோலிலேயே இருக்கிறது. ஈரத்தைப் பிடித்துவைக்கும் சக்தி அதற்குக் குறைவு. ஓட்டைப் பானை மாதிரி. ஆகவே வைத்தியம் குளியலறையில் தொடங்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில், 10 நிமிஷத்துக்கு மேற்படாத குளியல். சீயக்காய்த் தேய்ப்பு வேண்டாம். துண்டால் ஒற்றியெடுத்து, உடம்பின் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். இரவில் இன்னொரு முறை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். வேப்பிலை அரைத்துப் பூசுவதில் எனக்குச் சம்மதமில்லை. புண்ணான இடத்தில் எரியும், குழந்தை அலறும். நீர் வடிந்தாலோ சீழ் கண்டாலோ டாக்டர்தான் பார்க்க வேண்டும். அவர் கொடுத்த களிம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கத்தரிக்காயா? அதைத் தின்றதும் அரிப்பு அதிகமாவதை நீங்களே இரண்டு மூன்று தடவை கண்டிருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால், எண்ணெய்க் கத்தரிக்காய் வதக்குகிற அன்று குழந்தைக்கும் ஒரு துண்டு வையுங்கள்.