சம்பா நாட்டுச் செங்கற் கோயில்கள்

வியட்நாமின் நடுப்பகுதியில், தா நாங் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, மலைகள் சூழ்ந்த சிறு பள்ளத்தாக்கு ஒன்றில் மீ சன் என்னும் கோயில் தொகுதி அமைந்துள்ளது. சாம் இனத்தார் ஆண்ட சம்பா நாட்டின் தலையாய புண்ணியத்தலம் இதுவே. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்திரவர்மன் என்னும் மன்னன் இங்கே பத்திரேசுவரர் என்ற திருப்பெயரால் சிவலிங்கம் ஒன்றை நிறுவினான். அக்கோயில் பின்னர்த் தீக்கிரையாயிற்று. 7-ஆம் நூற்றாண்டில் சம்புவர்மன் அதனைப் புதுப்பித்து, தன் பெயரையும் சேர்த்து இறைவனைச் சம்புபத்திரேசுவரர் என வழங்கச் செய்தான். அது முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையில் மன்னர் பலர் இப்பள்ளத்தாக்கில் கோயில்களை எழுப்பி வந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை செங்கல்லால் ஆனவை.

கருவறையின் மேல் ஓங்கி நிற்கும் கட்டடத்தைச் சாம் மொழியில் 'கலன்' என்பர். இது நம் நாட்டு விமானத்தை ஒத்ததேயன்றி வாயிற்கோபுரம் அன்று. சதுரத் தரையின் மேல் தடித்த சுவர்கள் எழும்பும். உட்புறத்தில் ஒவ்வொரு செங்கல் வரியும் தனக்குக் கீழுள்ள வரியைவிடச் சிறிது முன் தள்ளி வைக்கப்படும். இவ்வாறு நாற்புறமும் நெருங்கி வந்து உச்சியில் வெளி அடைபடும். வளைவு கட்டாமலும் மர உத்தரம் இடாமலும் கூரை அமைக்கும் முறை இது. இவ்வகையில் அறையை அகலப்படுத்த இயலாது. ஆதலின் கருவறை குறுகலாயும் இருள் செறிந்தும் இருக்கும்.

சுவரின் வெளிப்புறம் காண்போரை வியப்பிலாழ்த்துகிறது. தேவவடிவங்களும் கொடிக்கருக்கும் செங்கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளன. சுவர் எழும்பிய பிறகே சிற்பி உளியைக் கையாண்டிருக்கிறான். ஏனெனில் ஓர் உருவத்தின் கோடு பல கற்களின் மீது தடையின்றி ஓடுகிறது. செங்கற்களுக்கு இடையேயுள்ள இணைப்போ மிக மெல்லியது. பல இடங்களில் காரையே இல்லையோ என ஐயுறும் அளவுக்கு நெருக்கமானது. இணைப்பில் பருமனான காரை இருந்திருப்பின், உளி பட்ட இடமெல்லாம் அது உதிர்ந்திருக்கும்.

இந்த இணைப்பு எவ்வாறு அமைந்தது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி பார்மாந்தியே இக்கோயில்களை அளந்து, தொகுதிகளுக்கு எழுத்துக் குறியிட்ட நாள் முதல் இவ்வினா தொடர்ந்து வருகிறது. பச்சைச் செங்கல்லால் கோயிலைக் கட்டி முடித்து, பின்னர் முழுவதையும் சூளையைப்போல் சுட்டனர் என்பது ஒரு கருத்து. தடித்த சுவரின் உள்ளே வெப்பம் சீராகப் பரவாது என்பதால் இதனை ஏற்பது அரிது. கற்களை நீர் விட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து, எழுந்த குழம்பையே பசையாகக் கொண்டனர் என்பது மற்றொன்று. (இரு செங்கல் துண்டுகளைக் கொண்டு இதனை எந்தப் பள்ளியிலும் செய்து காட்டலாம், பரப்புகள் எவ்வளவு நெருங்கிப் பொருந்துகின்றன என்பதை மாணவர் நேரில் காண்பர்.) மூன்றாவது கருத்து, மரத்தின் பிசின் என்பது. வியட்நாம் காடுகளில் 'தாவ் ராய்' எனப்படும் நெடுமரத்தைக் குடைந்தால் எண்ணெய்ப் பசை ஊறும். படகின் இடுக்குகளை அடைக்க மக்கள் அதனைப் பயன்படுத்துவர். அந்தமானில் குர்ஜன் எனப்படும் மரங்கள் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. மீ சன் செங்கல் இணைப்புகளைச் சோதித்த இத்தாலிய ஆய்வாளர்கள் இத்தகைய தாவரப் பிசினின் அடையாளத்தைக் கண்டனர். நீரை ஒட்டாத பொருளாகையால், மழை மிகுந்த அந்நாட்டில் இது தக்க தேர்வே.

இவ்வினா வெறும் அறிவு விளையாட்டு அன்று. மீ சன் தொகுதியில் மிகச் சிறந்ததெனப் போற்றப்பட்டது ஏ-1 என்னும் கோயில். 20 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, கிழக்கிலும் மேற்கிலும் வாயில் கொண்டிருந்த அதனைப் பிரெஞ்சுக்காரர் 1937-க்குப் பின் பழுது பார்த்தனர். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் அது தகர்ந்து வீழ்ந்தது. ஒரு காலத்தில் எழுபதுக்கு மேற்பட்டிருந்த கட்டடங்களில் இன்று சுமார் இருபதே ஓரளவு நிலைத்துள்ளன. போருக்குப் பின் கண்ணிவெடிகளை அகற்றிய பிறகே அறிஞர்கள் உள்ளே செல்ல முடிந்தது. போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காஸிமிர் குவியட்கோவ்ஸ்கி 1980-களில் வந்து, 1997-இல் அந்நாட்டிலேயே இறக்கும் வரையில், சாய்ந்த சுவர்களுக்கு வலுவூட்டும் பணியில் ஈடுபட்டார். 1999-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பழுது பார்ப்போர் புதுச் செங்கல் வைத்தே ஆகவேண்டும். சிமெண்டுக் காரை வலுவுடையதாயினும் பழஞ்சுவருக்கு ஏற்றதன்று. அது நீரின் போக்கைத் தடுப்பதோடு, தன்னிலுள்ள உப்புகளையும் அருகிலுள்ள கல்லினுள் செலுத்துகிறது. நீர் உலரும்போது அவ்வுப்பு படிகமாகி மேற்பரப்பைப் பொடிக்கிறது. இதனை உணர்ந்தே, 2013-இல் நிறைவுற்ற ஜி தொகுதிப் பணியில் இத்தாலியரும் வியட்நாமியரும் மரப்பிசின் கலந்த காரையைக் கையாண்டனர்.

இந்தியத் தொல்லியல் துறையினர் 2017 முதல் 2022 வரையில் ஏ, எச், கே ஆகிய மூன்று தொகுதிகளில் பணியாற்றினர். 2020 மே மாதத்தில் ஏ-10 கோயிலில் மண்ணை அகற்றியபோது, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மணற்கல் சிவலிங்கம் ஆவுடையாருடன் வெளிப்பட்டது. லிங்கமும் பீடமும் ஒரே கல்லில் அமைந்தவை. வியட்நாம் அரசு பின்னர் இதனைத் தேசியச் செல்வமாக அறிவித்தது.

மீ சன் பள்ளத்தாக்கில் பழைய வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் தெற்கே பான் ராங் நகருக்கு அருகிலுள்ள போ குலோங் கராய் கோயிலில் சாம் மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். ஆண்டுதோறும் காதே திருவிழாவில், மலைவாழ் ராக்லாய் மக்கள் தம் காப்பிலுள்ள தெய்வ ஆடைகளைக் கொண்டுவந்து அளிப்பர். பூசாரி திருவுருவை நீராட்டி அவ்வாடைகளை உடுத்துவார்.

மீ சன் சுவர்களை அணுகிப் பார்ப்போர் புதுச் செங்கல்லையும் பழஞ் செங்கல்லையும் எளிதில் பிரித்தறியலாம். புதியவற்றில் சில இடங்களில் வெண்ணிற உப்புப் பூத்திருக்கிறது. சில இடங்களில் பாசி படர்ந்திருக்கிறது. அவற்றை ஒட்டியுள்ள ஆயிரம் ஆண்டுக் கற்கள், இலேசாயும் நுண்துளை மிகுந்தும் இருந்தபோதிலும், தம் செந்நிறம் மாறாமல் நிற்கின்றன.