குறைந்த அடி, உயர்ந்த படி!

கோலால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம், கோல்ப். குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி! இதைக் கணினியில் ஆடுவதற்கு 2008-ம் ஆண்டில் வந்தது, 'வேர்ல்டு கோல்ப் டூர்'. முகம் தெரியாதவர்கள் இதில் மோதுகிறார்கள்.

புதியவரும் கைதேர்ந்தவரும் மோதினால் எப்படி? அதற்காகப் பல படிகள் வைத்தார்கள். அடிப்படி 'ஹேக்'. அதற்கு மேலே 'புரோ', 'மாஸ்டர்', 'லெஜண்டு' என்று போகும். சராசரி அடிகள் குறைந்தால், படி உயரும். உயர்ந்த படிக்காரர் அதிகத் தொலைவில் நின்று அடிக்க வேண்டும்!

தந்திரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிலர் வேண்டும் என்றே மோசமாக ஆடி, கீழ்ப்படியிலேயே தங்கிவிடுவார்கள். பரிசுப் போட்டி வந்ததும் முழுத் திறமையையும் காட்டுவார்கள். புதியவர் கைக்கு வர வேண்டிய பரிசு பறிபோகும்!

கோல்ப் உலகில் இந்த மோசடிக்குப் பெயர், 'சாண்ட்பேக்கிங்'.