விளக்கும் வேண்டும், இருளும் வேண்டும்

குப்பி விளக்குடன் ஆண்டுகளைக் கழித்த குடும்பங்களிடம் "வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துங்கள்" என்று சொன்னால் கோபம் வரும். அது நியாயமான கோபமே. ஆயினும் விளக்கைக் குறைப்பது வேறு. வெளிச்சம் வீணாவதைத் தடுப்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டமாகவே எழுதி வைத்துள்ள ஒரு தீவைப் பற்றி அறிந்துகொள்வோம்.

ஆபிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயின் நாட்டுக்குரிய கனாரித் தீவுகளுள் ஒன்று லா பால்மா. வாழைச் செய்கையே அங்குள்ள கமக்காரரின் முக்கிய தொழில். தீவின் மலையுச்சி 2,400 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. அம்மலையில் பல நாடுகளின் தொலைநோக்கிகள் நிறுவப்பட்டுள்ளன. கீழேயுள்ள ஊர்களின் ஒளி வானில் பரவினால், மங்கலான நட்சத்திரங்கள் அத்தொலைநோக்கிகளுக்குத் தென்படா. ஆகவே 1988இல் ஸ்பெயினில் 'வானச் சட்டம்' எனப்படும் சட்டம் இயற்றப்பட்டது. 1992இல் அதற்கான விரிவான ஒழுங்குவிதிகள் வந்தன. லா பால்மா முழுவதற்கும், அதனை நோக்கியிருக்கும் தெனெரீஃப் தீவின் பகுதிக்கும் அவை பொருந்தும்.

விதிகள் எளியவை.

ஒன்று: வெளி விளக்கின் ஒளி நிலத்தில் விழ வேண்டும், மேல்நோக்கிச் செல்லக்கூடாது.

இரண்டு: நீலம் கலந்த வெள்ளை ஒளி காற்றில் அதிகம் சிதறும். ஆதலால் மஞ்சள் ஒளி தரும் விளக்குகளுக்கே முதலிடம்.

மூன்று: அலங்கார விளக்குகளும் விளம்பர விளக்குகளும் நள்ளிரவுக்குப் பின் அணைக்கப்பட வேண்டும்.

நான்கு: புதிய வெளி விளக்குகளுக்கு அனுமதி வழங்குமுன், அங்குள்ள வானியல் நிறுவனத்தின் தொழினுட்ப அறிக்கை பெறப்பட வேண்டும்.

இவற்றால் வீதி இருண்டுவிடுமா? இல்லை. மேற்புறம் மூடிய விளக்கு, வானுக்கு வீணாகப் போகும் ஒளியையும் பாதைக்கே தருகிறது. குறைந்த மின்சாரத்தில் அதே பாதை தெளிவாகத் தெரியும். கண் கூசாததால், இரவில் தனியே நடந்து வரும் பெண்ணுக்கு எதிரே நிற்பவரும் நன்கு தெரிவார்.

பயிருக்கும் இரவு தேவை. சோயாவும், நெல்லில் சில இனங்களும் இரவின் நீளத்தை அறிந்தே பூக்கின்றன. வயலோரத்து வீதி விளக்கு இரவு முழுவதும் அவற்றின் மீது விழுந்தால் பூப்பது பிந்தும். நடுவயல் அறுவடைக்கு ஆயத்தமாகும்போது விளக்கடிப் பயிர் பச்சையாகவே நிற்கும்.

2021 செப்ரெம்பர் 19ஆம் நாள் லா பால்மாவில் எரிமலை வெடித்தது. டிசெம்பர் வரை அது ஓயவில்லை. ஏறக்குறைய 7,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். வீடுகளும் வாழைத் தோட்டங்களும் எரிமலைக் குழம்பின் கீழ்ப் புதைந்தன. அங்கு மீண்டும் அமைக்கப்படும் வீதிகளுக்கான விளக்கு விதி முன்னரே எழுதப்பட்டிருந்தது. பிழையாகப் போட்டுவிட்டுப் பின்னர் கழற்றி மாற்றும் செலவை அது மிச்சப்படுத்தும்.

எமக்கும் இதிலே பாடம் உண்டு. கம்பம் நட்ட பின் விதி தேடுவது கடினம். ஊரின் வரைபடம் மேசையில் இருக்கும்போது கேட்பது எளிது. மீளக் குடியமரும் ஊருக்கு வீதி விளக்குப் பேச்சு வரும் நாளில், கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாக மூன்று கேள்விகளைக் கேட்போம்: ஒளி எங்கே விழும்? எத்தனை மணி வரை எரியும்? வயலை நோக்கிய பக்கம் மறைக்கப்படுமா?

கிணற்றடிக்கும் ஒழுங்கைக்கும் வெளிச்சம் கிடைக்கட்டும். வயலுக்கும் வானுக்கும் இரவு இருக்கட்டும்.