கட்டட வேலையில் கணிப்பொறிக் கணக்கு

பெரியதொரு கட்டடம் எழும்பும் இடத்திற்குச் செல்பவர் கண்ணில் முதலில் படுபவை தூக்கு யந்திரமும் சாரமுமே. வாயிலுக்கருகே தகரக் கூரையிட்ட சிறு கொட்டகை ஒன்று இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அதுதான் ஸ்டோர். லாரியில் வரும் சிமெண்டு மூட்டையும் கம்பிக் கட்டும் ஆணிப் பெட்டியும் அங்கேதான் பதிவாகின்றன. கொத்தனாருக்கும் கம்பி கட்டுபவருக்கும் அங்கிருந்தே வழங்கப்படுகின்றன. தலைமை அலுவலகம் பெரும் பணம் செலவிட்டு வாங்கும் நிர்வாக மென்பொருள் பயன் தருமா, வீணாகுமா என்பது பெரும்பாலும் இக்கொட்டகையிலேயே நிர்ணயமாகிறது.

நிர்வாக மென்பொருள் என்பது யாது? முன்னர், கொள்முதல், இருப்பு, கூலி, பில், வரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பேரேடு இருந்தது. ஒரு லாரி சிமெண்டு வந்தால் ஸ்டோர்கீப்பர் ஒரு புத்தகத்திலும், கொள்முதல் குமாஸ்தா மற்றொன்றிலும், கணக்கர் வேறொன்றிலும் அதை எழுதினர். மூன்றும் ஒத்துப்போவது அரிது. ஒருமுறை பதிவு செய்ததையே எல்லாப் பிரிவினரும் உபயோகிக்கும்படி இவற்றை இணைப்பதே இம்மென்பொருளின் வேலை. 1960-களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் மூலப்பொருள் தேவையைக் கணக்கிடத் தோன்றிய முறை விரிவடைந்து, 1990-ல் 'ஈ.ஆர்.பி.' என்ற பெயரைப் பெற்றது.

அது தொழிற்சாலையில் பிறந்தது என்பதை மறத்தலாகாது. தொழிற்சாலையில் யந்திரம் நிலையாக நிற்கிறது, பொருள் நகர்கிறது. கட்டட வேலையிலோ பொருள் நிலைத்து நிற்க, தொழிற்சாலையே இடம் பெயர்கிறது. ஒரு வேலை முடிந்தால் கொட்டகை பிரிக்கப்பட்டு வேறோர் ஊரில் எழுப்பப்படும், ஆட்களும் மாறுவர். ஆகவே தொழிற்சாலைக்கென அமைந்த ஏற்பாட்டை அப்படியே கொணர்ந்து பொருத்த முயலும் கம்பெனி இடர்ப்படுகிறது.

முதல் இடர் பெயரில் உள்ளது. ஒரே சிமெண்டை ஒருவர் '53 கிரேடு' என்றும், இன்னொருவர் கம்பெனிப் பெயராலும், மூன்றாமவர் 'சிமெண்டு மூட்டை' என்றும் பதிவு செய்தால் கணிப்பொறிக்கு அவை மூன்று பொருள்கள். ஒன்றில் இருப்பு இல்லை எனக் காட்டும். உடனே புதிய ஆர்டர் செல்லும். கொட்டகையின் மூலையில் பழைய மூட்டைகள் ஈரம் உறிஞ்சிக் கிடக்கும். மூன்று மாதத்திற்கு மேற்பட்ட சிமெண்டைப் பரிசோதனையின்றி உபயோகிப்பது முறையன்று என்பதைக் களப்பணியாளர் அறிவர்.

இரண்டாவது இடர் அளவு. மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த சட்டம் 1956-ல் இயற்றப்பட்டது. எனினும் மணல் தமிழகத்தில் 'யூனிட்' கணக்கிலும் மேற்கு இந்தியாவில் 'பிராஸ்' கணக்கிலும் விற்கப்படுவதைக் காணலாம். இரண்டுமே 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர்தான். இதை முன்கூட்டியே மென்பொருளுக்குச் சொல்லிவைத்தால் தொல்லையில்லை. கம்பியில் நேரும் தொல்லை இதனினும் நுட்பமானது.

கம்பி எடை மேடையில் நிறுக்கப்பட்டு, டன் கணக்கில் வாங்கப்படுகிறது. வேலையிலோ நீளக் கணக்கில் செலவாகிறது. நீளத்தை எடையாக மாற்ற இன்ஜினீயர்கள் கையாளும் வாய்பாடு எளிது: விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இது 0.889 கிலோ. ஆனால் உருட்டாலையில் கம்பி இம்மியும் பிசகாமல் உருவாவதில்லை. இந்தியத் தர நிர்ணயம் 1786-ன்படி, இவ்வளவுக் கம்பியின் எடை ஒரு தொகுதியில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 10 டன் வந்து, அது நிர்ணய எடையைவிட 4 சதவீதம் கனமாக இருந்ததாகக் கொள்வோம். கம்பி முழுவதும் ஒரு துண்டும் வீணாகாமல் கட்டடத்தில் சேர்ந்த பின்னரும், வாய்பாட்டின்படி செலவு 9,615 கிலோ என்றே தேறும். ஏறத்தாழ 385 கிலோ குறைகிறது எனக் கணிப்பொறி அறிவிக்கும்.

இக்குறைவுக்கு விளக்கம் கேட்கப்படுபவர் ஸ்டோர்கீப்பர். பேரேட்டுக் காலத்தில் இத்தகைய வேற்றுமை பல மாதங்களுக்குப் பின்னரே வெளிப்பட்டு, 'சேதாரம்' என்ற தலைப்பில் அடங்கிவிடும். மென்பொருளோ அன்றைக்கே, சிவப்பு எழுத்தில், தலைமை அலுவலகத்தின் திரையில் காட்டுகிறது. செய்யாத திருட்டுக்கு ஒருமுறை பழி சுமந்தவர் மறுமாதம் என்ன செய்வார்? திரையில் குறை தோன்றாதவாறு எண்களைத் தாமே சரிக்கட்டுவார். அப்பால் அம்மென்பொருள் சொல்லும் எதையும் நம்புவதற்கில்லை. உண்மையான திருட்டும் அதன் மறைவில் தப்பிவிடும். சிப்பந்திகள் புதுமையை வெறுப்பதால்தான் இம்முயற்சிகள் தோற்கின்றன என நிர்வாகிகள் சிலர் கூறுவது பாதி உண்மையே.

பரிகாரம் கடினமன்று. கம்பி வந்து இறங்கும்போதே எடையுடன் எண்ணிக்கையையும் நீளத்தையும் பதிவு செய்து, அத்தொகுதியின் உண்மையான மீட்டர் எடையைக் கண்டு, செலவையும் அந்த எடையாலேயே கணக்கிடவேண்டும். மென்பொருளில் இதற்கென ஒரு கட்டம் இருத்தல் அவசியம். இல்லையெனில் விற்பவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம். திரையின் வர்ணத்தை மாற்றக் கேட்பதைவிட இது பயனுள்ள கோரிக்கை.

மணலிலும் இவ்வாறே. ஈரம் 5, 6 சதவீதம் இருக்கையில் மணலின் கனஅளவு 20 முதல் 30 சதவீதம் வரை பெருகும். துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலம் அவற்றை ஒன்றையொன்று விலக்கி நிறுத்துவதே காரணம். நீரில் முழுதும் மூழ்கிய மணல் மீண்டும் பழைய அளவுக்குச் சுருங்கும். இதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடி அளவுசாடியில் 200 மில்லிலிட்டர் குறிவரை ஈர மணலைத் தளர்வாக இட்டு, மணல் மூழ்க நீர் ஊற்றிக் கலக்கி, படியவிட்டால் மட்டம் இறங்கும். அது 160-ல் நின்றால், 40-ஐ 160-ஆல் வகுக்கப் பெருக்கம் 25 சதவீதம் எனத் தெளிவாகும். மழைக்காலத்தில் கன அளவால் வாங்கிய மணல் கோடையில் 'காணாமற்போவது' இவ்விதமே. எடையால் வாங்கினாலும் ஈரத்தின் எடையைக் கழித்தாக வேண்டும்.

இனி, புகுத்தும் முறை. எல்லா வேலைத்தலங்களிலும் ஒரே நாளில் தொடங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுதல் நலம். நடுத்தரமான ஒரு வேலைத்தலத்தைத் தேர்ந்து, ஒரு மாத இறுதியில் வேலையை அரைநாள் நிறுத்தி, மூட்டை மூட்டையாக எண்ணி, அந்த இருப்பையே தொடக்க இருப்பாகப் பதியவேண்டும். பேரேட்டின் இருப்பை அப்படியே எடுத்தெழுதினால் பத்தாண்டுப் பிழைகளும் உடன் குடிபெயரும். பொருளைக் கையால் வாங்குபவரே பதிவும் செய்யவேண்டும். துண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வார இறுதியில் நகரத்துக் குமாஸ்தா பதியும் ஏற்பாடு நிலைப்பதில்லை. சுரங்கவழி, மலைச்சாலை போன்ற இடங்களில் இணையத் தொடர்பு அறுந்துபோகும். அப்போதும் பதிவை ஏற்று, தொடர்பு வந்தபின் அனுப்பும் வசதியுள்ள மென்பொருளே தக்கது. மஸ்டர் ரோலைக் கடைசியில் மாற்றுவது விவேகம். சிமெண்டுக் கணக்கில் நேரும் பிழை ஓர் எண்ணே. கூலிக் கணக்கில் நேரும் பிழையோ சனிக்கிழமை மாலை வெறுங்கையுடன் திரும்பும் ஒரு குடும்பம்.

அரசாங்க வேலைகளின் அளவுப் புத்தகத்தில் பக்கங்கள் எண்ணிடப்பட்டிருக்கும். பிழையைச் சுரண்டி அழிப்பதில்லை, கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பமிடுவர். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கும் இத்தகைய விதி உண்டு: எந்தப் பதிவு என்று மாற்றப்பட்டது என்பது அதிலேயே நிலையாகப் பதிவாக வேண்டும். சிப்பந்திகளுக்குப் பயிற்சி அளிக்கையில் முதல் நாளே இதை விளக்கி, திருத்துவது குற்றமன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுதல் வேண்டும்.

புதிய பதிவும் பழைய பேரேடும் சில காலம் இணையாக நடக்கும். இரட்டை வேலை என முணுமுணுப்பு எழுவது இயல்பு; ஆதலால் அதற்கு முடிவுத் தேதியை ஆரம்பத்திலேயே அறிவித்துவிடலாம். மூன்று மாத இறுதிகளில் இரண்டும் எண்ணிப் பார்த்த இருப்போடு ஒத்தால் பேரேட்டை மூடலாம். மூடிய பேரேட்டைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடலாகாது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் பாதுகாக்கவேண்டும். வேலைத்தலத்துக் கொட்டகை பிரிக்கப்படுமுன் அவை தலைமை அலுவலகம் போய்ச் சேர்ந்தனவா எனப் பார்த்துக்கொள்வதும் ஸ்டோர்கீப்பரின் பொறுப்பில் விடத்தக்கதே.