ஒரு பஸ் டிக்கெட்டில் பாதி இங்கிலாந்து! தெரியுமா?

ஹட்டனில் பஸ் ஏறி நுவரெலியாவில் இறங்குவதற்குள் எத்தனை சீமைப் பெயர்கள் கடந்து போகின்றன தெரியுமா? ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள், சொல்கிறோம்!

டெவோன் கொட்டுகிறது!
இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவோன் என்றால் கடலோர மாவட்டம். தலவாக்கலைக்கு முன்னால் டெவோன் என்றால் 97 மீட்டர் உயர அருவி! கோப்பித் தோட்டத் துரை ஒருவரால் வந்த பெயராம். கொஞ்ச தூரத்தில் 80 மீட்டர் சென்கிளேயர் அருவி. நானுஓயாப் பக்கம் போனால் சமர்செட் தோட்டம். அங்கே இங்கிலாந்திலும் டெவோனுக்குப் பக்கத்து மாவட்டம் சமர்செட்தான்!

ஸ்கொட்லாந்தும் உண்டு!
அக்கரப்பத்தனையில் கிளாஸ்கோ, நானுஓயாவில் எடின்பரோ, தலவாக்கலையில் ஹோலிரூட். ஊர் ஏக்கம் பிடித்த துரைமார் தோட்டத்துக்கெல்லாம் சொந்த மண்ணின் பெயரைச் சூட்டிவிட்டார்கள்.

ஷேக்ஸ்பியரும் கொழுந்தும்!
காடே நடந்து டன்சினன் குன்றுக்கு வந்தால்தான் மன்னனுக்குத் தோல்வி என்பது ‘மக்பெத்’ நாடகத்து ஆருடம். பூண்டுலோயாவில் அதே பெயரில் ஒரு தோட்டம்! இங்கே நடந்து வந்தவர்கள் மனிதர்கள், தோட்டத் தொழிலாளர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை கால்நடையாக வந்து, காட்டை வெட்டினார்கள். அவர்கள் வந்த 200ஆவது ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள்!

பூஞ்சணம் தந்த தேத்தண்ணி!
1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் தலைகாட்டியது. கோப்பி மெல்ல மெல்லப் படுத்தது, தேயிலை எழுந்தது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கூடை முதுகில், கயிறு நெற்றியில்!

டார்வினைப் படமெடுத்தவர் இங்கே!
டார்வின், டெனிசன் முகங்களைக் கமராவில் பிடித்த ஜூலியா மார்கரெட் கமரன், வைட் தீவு வீட்டை விட்டு 1875இல் இலங்கைக்கு வந்தார். 1879இல் டிக்கோயாவில் காலமானார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலயத்தில். சீமையில் பிரபலங்களைப் படமெடுத்தவர், இங்கே கூலியாட்களையும் படமெடுத்தார்!

மலையிலிருந்து கடல்!
நுவரெலியா மாவட்டத்துக்குக் கடற்கரை ஒரு சாண்கூடக் கிடையாது. ஆனால், ஹோர்ட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ பாறை விளிம்பில் பனிமூட்டம் ஏறுமுன் நில்லுங்கள். வானம் தெளிந்த காலையில் தெற்குக் கடல் வெள்ளிக்கோடாய்த் தெரியும்!

குகைக்கு இரண்டு பெயர்!
ரயிலில் போகிறீர்களா? ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே அரைக் கிலோமீட்டருக்கும் மேல் இருட்டு. நெடுங்காலம் இலங்கையின் மிக நீளமான ரயில் சுரங்கமாக இருந்தது இதுதான்! ஆவணத்தில் அதன் பெயர் பூல்பேங்க். பெட்டியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்: “சிங்கமலைச் சுரங்கம்!”

கடைசி ஆச்சரியம்!
2,243 மீட்டர் சிவனொளிபாதமலையின் அடிவாரம், வெளிநாட்டுப் பயணக் கையேடுகளில் டல்ஹவுசி. இந்தியாவை ஆண்ட பிரபுவின் பெயரும் அதுதான். ஆனால், மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று பாருங்கள். சிவனடி என்று ஏறுபவரும் புத்தர் பாதம் என்று ஏறுபவரும் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்கிறார்கள் தெரியுமா?

தோட்டத்துச் சனங்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான்: நல்லதண்ணி!